பரணிலிருந்து இறங்கிய லயத்துப் பாட்டு: ஒரு மலாயாத் தட்டின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில் கரை கடந்தது. திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே ஒரு கிராமத்தில், ஓர் ஓட்டு வீட்டின் பின்கட்டுக் கூரை அன்று பிய்ந்துபோனது. ஓடு பறந்த இடத்துக்கு நேர் கீழே பரண். அங்கே இருந்த பழைய அண்டா குண்டான்களுக்குப் பின்னால் ஒரு டிரங்குப் பெட்டியும், சாவி கொடுத்துச் சுற்றும் கையடக்கக் கிராமபோன் பெட்டி ஒன்றும் இருந்தன. மூன்று நாள் மழைத்தண்ணீர் டிரங்குப் பெட்டிக்குள் இறங்கியது. வீட்டார் அதைத் திறந்தபோது உள்ளே 63 இசைத்தட்டுகள்.

அவை அந்த வீட்டு மூதாட்டியின் தகப்பனார் மலாயாவிலிருந்து கொண்டுவந்தவை. அவர் 1936-இல், இருபது வயது வாக்கில், நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கு போனவர். அந்தக் காலத்தில் பழைய தஞ்சாவூர் ஜில்லாவிலிருந்து ஆயிரக்கணக்கானவர்கள் கங்காணிகள் வழியாக ரப்பர்த் தோட்டங்களுக்குப் போனார்கள். 1938-இல் இந்திய அரசாங்கம் அந்த ஆள்சேர்ப்புக்குத் தடை போட்டது. அதற்கு இரண்டு வருடம் முன்னால் போய்ச் சேர்ந்தவர் இவர். பேராக் மாநிலத்தில் ஒரு தோட்டத்தில் இருந்தார், ஜப்பான்காரன் காலத்தைத் தாண்டினார், அங்கேயே கல்யாணம், அங்கேயே ஒரு மகள். 1953-இல் ரஜூலா கப்பலில் மூவரும் நாகப்பட்டினம் வந்து இறங்கினார்கள். அந்த மகளுக்கு அப்போது 12 வயது. 2019-இல் 78. பேரன் அவரை அப்பாயி என்று அழைப்பான். இந்தக் கட்டுரையிலும் அவரை அப்படியே குறிப்பிடுகிறேன்.

நான் தஞ்சாவூரில் ஒலிப்பதிவுத் தொழில் செய்கிறவன். வானொலியில் ஒலிநுட்ப வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவரும் நானும் சேர்ந்து, கேட்கிறவர்களுக்குப் பழைய தட்டுகளைக் கணினிக்கு மாற்றிக் கொடுப்பதைச் சில வருடங்களாகச் செய்துவந்தோம். பேரனுடைய கல்லூரி நண்பன் மூலம் 2019 மார்ச்சில் இந்தப் பெட்டி எங்களிடம் வந்தது.

பெட்டி வந்தபோது கண்டது

தட்டுகள் எங்கள் கைக்கு வருவதற்குள் வீட்டிலேயே மூன்று காரியங்கள் நடந்திருந்தன. மூன்றுமே நல்ல எண்ணத்தில் செய்தவை. இவை மற்ற வீடுகளிலும் நடக்கும் என்பதால் எழுதி வைக்கிறேன்.

ஒன்று, நனைந்த தட்டுகளை முற்றத்தில் பாய் விரித்து நெல் காய வைப்பதுபோல வெயிலில் பரப்பினார்கள். நிமிடத்துக்கு 78 சுற்றுச் சுற்றும் பழைய தட்டு அரக்கால் ஆனது. அரக்கோடு கல் பொடியும் புகைக்கரியும் சேர்த்துச் சூட்டில் அழுத்தி எடுப்பார்கள். சூடு பட்டால் திரும்பவும் இளகும். சில தட்டுகள் அப்பளம்போல வளைந்துவிட்டன. இரண்டு, பூஞ்சை போகட்டும் என்று நான்கு தட்டுகளை ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் துடைத்தார்கள். அரக்கை ஸ்பிரிட் கரைக்கும். மரச்சாமானுக்குப் பாலிஷ் போடும் ஆசாரிகளைக் கேட்டால் உடனே சொல்லிவிடுவார்கள். அந்த நான்கும் மினுமினுப்பு செத்துச் சாம்பல் நிறத்தில் இருந்தன. மூன்றாவது, பொங்கல் விடுமுறையில் பேரன் கிராமபோன் பெட்டிக்குச் சாவி கொடுத்து, மற்றவற்றைவிட எடை குறைவாக இருந்த ஒரு தட்டை, பெட்டியோடு கிடந்த பழைய எஃகு ஊசியைக் கொண்டே ஓட்டிப் பார்த்திருக்கிறான். கைப்பேசியில் படம் எடுக்கத்தான். கரகரவென்று இரைச்சல் மட்டும் வந்ததால் கால் நிமிடத்தில் நிறுத்திவிட்டான்.

இரண்டு நாள் உட்கார்ந்து ஒவ்வொன்றையும் படம் எடுத்து, எண் போட்டு, நிலைமையைக் குறித்தோம். 63-இல் 62 அரக்குத் தட்டுகள். அவற்றில் 38 நல்ல நிலை, 11 விரிசல் அல்லது வளைவு, 9 துண்டு துண்டாக உடைந்தவை, 4 ஸ்பிரிட் பட்டவை. உறைகளில் பாதியை இராமபாணப் பூச்சி தின்றிருந்தது. நாகசுரம், நாடக மேடைப் பாட்டு, சினிமாப் பாட்டு, நகைச்சுவைப் பேச்சு என எல்லாம் கலந்திருந்தன. மலாய் மொழிப் பாட்டுத் தட்டுகளும் ஐந்து. சிலவற்றின் நடுச்சீட்டில் பினாங்குக் கடைக்காரர் ஒட்டிய சின்ன வில்லை அப்படியே இருந்தது. நம் ஊர்ப் பக்கத்துத் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை நாகசுரத்தில் வாசித்த தோடி ராகம் கடல் தாண்டிப் போய்ப் பினாங்கில் விலைபோய், ஒரு தோட்டத்து வீட்டில் ஒலித்து, திரும்பவும் காவிரிக் கழிமுகத்துக்கே வந்திருக்கிறது. அதைக் கையில் எடுத்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. பின்னால் நான் செய்த தவறுக்கு இந்தச் சிலிர்ப்பும் ஒரு காரணம்.

அறுபத்து மூன்றாவது தட்டு வேறு வகை. கையில் எடுத்தாலே லேசாக இருந்தது. நடு ஓட்டைக்குப் பக்கத்தில் இன்னொரு சின்ன ஓட்டை. விளிம்பில் கறுப்புப் பூச்சு தேய்ந்த இடத்தில் அலுமினியம் தெரிந்தது. இது ஆலையில் அச்சடித்துக் கடையில் விற்ற தட்டு அல்ல. அலுமினியத் தகட்டின் மேல் செல்லுலோஸ் நைட்ரேட் பூச்சுப் பூசி, பாடப் பாட நேரடியாக வெட்டி எடுக்கும் தட்டு. வானொலி நிலையங்களும் சில கடைகளும் ஒலிநாடா பரவுவதற்கு முன் இதைப் பயன்படுத்தின. அதற்கு அச்சு கிடையாது, பிரதி கிடையாது. உலகத்தில் அது ஒன்றுதான். மேல்பரப்பில் வெள்ளையாக எண்ணெய்ப் பிசுக்குப் படிந்திருந்தது, ஓரத்தில் மயிரிழை விரிசல் இரண்டு. நடுச்சீட்டில் பென்சில் எழுத்து மங்கிக் கிடந்தது. விளக்கைச் சாய்த்துப் பிடித்தபோது ஒரு பக்கம் 'லயம் பாட்டு 49' என்று படிக்க முடிந்தது. மறுபக்கம் படிக்க வரவில்லை. பேரன் ஊசி வைத்தது இந்தத் தட்டில்தான். தொடக்கத்தில் பத்துப் பதினைந்து வளையங்கள் உழுத மாதிரி கிழிந்திருந்தன.

முதல் முடிவு

எதிலிருந்து தொடங்குவது என்று பேசினோம். பெரியவர் அலுமினியத் தட்டிலிருந்து தொடங்கலாம் என்றார். நான் வேண்டாம் என்றேன். என் காரணங்கள் இவை: அதைத் தொடும் முன் அரக்குத் தட்டுகளில் கை பழகட்டும், அதற்கேற்ற ஊசி எங்களிடம் இல்லை, குடும்பம் எதிர்பார்ப்பது பெரிய வித்வான்களின் தட்டுகளை. நான்காவதாக, நான் வாய்விட்டுச் சொல்லாத காரணம் ஒன்றும் இருந்தது. எனக்கும் அந்த நாகசுரத் தட்டுகள் மேல்தான் ஆசை. 'லயம்' என்பதைத் தாள லயம் என்று எடுத்துக்கொண்டு, யாரோ வீட்டில் பஜனை பாடியிருப்பார்கள், பிறகு பார்க்கலாம் என்று நினைத்தேன்.

தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் வரிசை வீட்டுக்கும் லயம் என்றுதான் பெயர். எனக்கு அது தெரியும். தெரிந்தும் அந்த நேரத்தில் தோன்றவில்லை.

2019 ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை அரக்குத் தட்டுகளில் வேலை நடந்தது. முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மெல்லிய தூரிகையால் தூசு தட்டி, காய்ச்சி வடித்த தண்ணீரில் புகைப்படக்காரர்கள் பிலிம் கழுவப் பயன்படுத்தும் ஈரமூட்டும் திரவம் இரண்டு சொட்டு விட்டு, நடுச்சீட்டு நனையாமல் கழுவி, நிழலில் நிறுத்தி உலர்த்தினோம். நீண்ட நேரம் ஓடும் எல்.பி. தட்டுக்கான ஊசியின் முனை 0.025 மில்லிமீட்டர் அளவு. 78-இல் ஊசி ஓடும் பள்ளம் அகலமானது, அதற்கு 0.076 மில்லிமீட்டர் வேண்டும். சிறிய ஊசியைப் போட்டால் அது பள்ளத்தின் அடியில் கிடக்கும் குப்பையைத்தான் வாசிக்கும். ஒலியைத் திருத்தாமல் உள்ளது உள்ளபடி 96 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் அளவில் பதிந்தோம். தட்டு ஒற்றை ஒலிதான் என்றாலும் பள்ளத்தின் இரண்டு சுவரையும் தனித்தனியாக எடுத்தோம். ஒரு சுவர் தேய்ந்திருந்தாலும் இன்னொன்று நன்றாக இருக்கலாம். இப்படி எடுத்தால் ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய 120 எம்பி ஆகும்.

உடைந்த 9 தட்டுகள் நீங்கலாக 53 தட்டு, 106 பக்கம். மொத்தம் ஆறு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவான இசை, 13 ஜிபி. நன்றாக வந்தது. ஸ்பிரிட் பட்ட நான்கில்கூட இரண்டு கேட்கும்படி இருந்தன. குடும்பத்துக்கு மிகவும் சந்தோஷம்.

அந்த ஆறு மாதமும் அலுமினியத் தட்டு ஒரு காகித உறைக்குள், என் வேலை அறையின் சன்னல் பக்கத்து அலமாரியில் இருந்தது. பகலில் அங்கே வெயில் அடிக்கும். இரவில் ஏசி நின்றுவிடும். அப்புறம் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது.

நவம்பரில் கண்டது

நவம்பர் மூன்றாம் வாரம் உறையைத் திறந்தேன். மார்ச்சில் எடுத்த படத்தில் மயிரிழையாக இருந்த விரிசல் இப்போது நகம் நுழையும் அகலம் ஆகியிருந்தது. மறுபக்கத்தில், கட்டைவிரல் நகம் அளவுக்குப் பூச்சு பெயர்ந்து உறையின் அடியில் செதிலாகக் கிடந்தது. அதைச் சுற்றி இன்னும் நாலைந்து இடத்தில் உப்பியிருந்தது.

காரணம் புரியாததல்ல. பூச்சு விறைத்துப்போகாமல் இருக்க அதில் விளக்கெண்ணெய் கலந்திருப்பார்கள். வருடக்கணக்கில் அது சிதைந்து வெள்ளைப் பிசுக்காக வெளியே கசியும். எண்ணெய் போகப் போகப் பூச்சு சுருங்கும். அடியில் இருக்கும் அலுமினியம் சுருங்காது. அதனால் மேல்தோல் வெடித்துப் பெயரும். ஈரமும் சூடும் மாறி மாறிப் பட்டால் இது வேகமாக நடக்கும். அரக்குத் தட்டு சரியாக வைத்தால் நூறு வருடம் கழித்தும் பாடும். இந்தத் தட்டு அப்படியல்ல, சும்மா வைத்திருந்தாலே செத்துக்கொண்டிருக்கும். வரிசையை நான் நேர்மாறாகப் போட்டுவிட்டேன்.

அன்றே பெரியவரிடம் சொன்னேன். அவர் திட்டவில்லை. 'முதல் பக்கம் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறது, அதை இந்த வாரமே எடுத்துவிடுவோம்' என்றார். பேரனுக்கும் போன் செய்து, தட்டு என் பொறுப்பில் இருக்கும்போது சேதப்பட்டது என்பதைச் சொன்னேன்.

முதல் பக்கம்

தண்ணீர் வைக்க வேண்டாம் என்று முடிவு செய்தோம். விரிசல் வழியாக ஈரம் அடியில் போனால் மிச்சமும் பெயரும். உலர்ந்த மென்தூரிகை மட்டும். தட்டைத் தாங்கியின் மேல் வைக்கும்போது நடுவில் அழுத்தாமல், அடியில் மெத்தென்ற துணி வட்டம் போட்டோம், ஏனென்றால் உப்பியிருந்த பக்கம் கீழே இருந்தது. ஊசியின் அழுத்தம் 4 கிராமுக்கும் கீழே. பழைய கிராமபோன் பெட்டியின் தலை 100 கிராமுக்கு மேல் அழுத்தும். பேரன் ஓட்டிய கால் நிமிடம் ஏன் உழுத மாதிரி ஆனது என்பது இந்தக் கணக்கிலேயே தெரியும். ஒரே தடவைதான் ஓட்டுவது, இரண்டு கருவியில் ஒரே நேரத்தில் பதிவது என்று வைத்துக்கொண்டோம். சோதனை ஓட்டம் எல்லாவற்றையும் உதிரித் தட்டுகளில் செய்து பார்த்தோம்.

டிசம்பர் முதல் வாரம் ஒரு காலை வேளையில் எடுத்தோம். 2 நிமிடம் 50 விநாடி. முதல் 15 விநாடி வெறும் இரைச்சல். அதற்குப் பின் ஓர் ஆர்மோனியம், ஓர் ஆண்குரல், பின்னால் நான்கைந்து பெண்கள் வாங்கிப் பாடுகிறார்கள். ஏதோ தகரத்தில் தட்டித் தாளம். பாட்டின் வரிகளில் மங்கு, பெரட்டு, கங்காணி என்று சொற்கள் விழுந்தன. மங்கு என்பது ரப்பர்ப் பால் வடியும் கிண்ணம். பெரட்டு என்பது விடியலுக்கு முன் ஆள் எண்ணும் இடம். பஜனை இல்லை. தோட்டத்து லயத்தில் பாடிய பாட்டு.

வேகமும் சுருதியும்

ஒரு சிக்கல் மிஞ்சியது. இந்த மாதிரித் தட்டுகளை வெட்டும் இயந்திரம் சரியாக 78-இல்தான் சுற்றியிருக்கும் என்று நம்ப முடியாது. வேகம் நூற்றுக்கு 6 பங்கு ஏறினால் சுருதி அரைக்கட்டை ஏறிவிடும். குரலும் ஆளும் மாறின மாதிரி ஆகிவிடும். ஆர்மோனியம் இருந்தது நல்லதாகப் போயிற்று, ஏனென்றால் அதன் கட்டைகள் இடம் மாறாதவை. 78-இல் ஓட்டினால் ஆர்மோனியத்தின் ஆதார சுருதி இரண்டு கட்டைக்கு நடுவில் நின்றது. அப்படியானால் உண்மை வேகம் சுமார் 75.8 ஆக இருக்கலாம், அல்லது 80.3 ஆக இருக்கலாம். எந்தப் பக்கம் என்று கருவி சொல்லாது. ஆர்மோனியமே கொஞ்சம் சுருதி விலகியதாகவும் இருக்கலாம்.

78-இல் வந்த மூலத்தைத் தொடாமல் வைத்துவிட்டு, கேட்பதற்கு மட்டும் இரண்டு பிரதி செய்து எடுத்துக்கொண்டு 2020 பொங்கலுக்கு அந்தக் கிராமத்துக்குப் போனோம்.

கேட்டவர்கள்

அதுவரை நான் பேசியதெல்லாம் அப்பாயியின் மகனிடமும் பேரனிடமும்தான். மார்ச்சில் பெட்டியை ஏற்றிவரப் போனபோது அப்பாயி திண்ணையில் உட்கார்ந்திருந்தார். வணக்கம் சொன்னேன், காபி வாங்கிக் குடித்தேன், கிளம்பிவிட்டேன்.

இப்போது கூடத்தில் அவர் பக்கத்தில் ஒலிபெருக்கியை வைத்து முதலில் வேகமான பிரதியைப் போட்டேன். முகத்தைச் சுளித்துக்கொண்டு, 'இது யாரோ சின்னப் பையன் பாடுறான்' என்றார். மெதுவான பிரதியைப் போட்டேன். நான்காவது வரியில் கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார். 'எங்க அப்பா' என்றார். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் முதலிலிருந்து போடச் சொன்னார்.

மூன்றாம் முறை கேட்டு முடித்ததும், தட்டைப் பற்றி முன்னாலேயே தெரியுமா என்று கேட்டேன். 'ஈப்போவுல ஒரு கடையில காசு குடுத்து எடுத்தது. எனக்கு எட்டு வயசு. நானும் போயிருந்தேன். நீங்க கேக்கலையே தம்பி' என்றார்.

மறுபக்கத்தில் என்ன என்றும் அவர்தான் சொன்னார். 'அது எங்க அம்மா பாடுன தாலாட்டு.' பெயர்ந்துபோன பக்கம் அது. எப்படிச் சேதமானது என்பதை அவரிடமும் நேரில் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். 'பரண்ல கெடந்தா அதுவும் போயிருக்கும்' என்றார். அது எனக்கு ஆறுதல் சொல்லச் சொன்னது. சன்னல் பக்கத்து அலமாரியில் வைத்தது நான்தான்.

பாட்டுச் சத்தம் கேட்டுப் பக்கத்துத் தெருவிலிருந்து இரண்டு பெண்கள் வந்து நின்றார்கள். இருவருக்கும் அறுபது வயதுக்கு மேல், நடவுக்குப் போய் வளர்ந்தவர்கள். ஒருவர் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, 'இது நம்ம நடவுப் பாட்டுல்ல' என்று கூடவே பாடத் தொடங்கினார். மெட்டு அதேதான். வார்த்தைதான் வேறு. இங்கே நாத்து முடி வருகிற இடத்தில் அங்கே மங்கு. இங்கே காரியக்காரர் நிற்கிற வரப்பில் அங்கே கங்காணி. இங்கே பொழுது சாய்கிறது என்று முடியும் அடி, அங்கே பெரட்டு மணி என்று முடிகிறது. தோட்டத்து வேலை விடியலில் தொடங்குவதால் பாட்டின் நேரமே மாறிவிட்டது.

இந்த இடம்தான் இந்த நிகழ்வில் எனக்கு மிக முக்கியமானது. புலம்பெயர்ந்தவர்கள் மெட்டைக் கொண்டுபோய், சொல்லை அந்த மண்ணில் எடுத்துக்கொண்டார்கள். இரண்டையும் ஒரே கூடத்தில் வைத்துக் கேட்டால்தான் அது தெரிகிறது. தட்டை மட்டும் நான் தஞ்சாவூரில் வைத்து நூறு தடவை கேட்டிருந்தாலும் எனக்கு அது தெரிந்திருக்காது. நல்லவேளையாகப் பதிவுக் கருவி பையில் இருந்தது. அந்தப் பெண்கள் பாடியதையும், அவர்கள் அனுமதியோடு, அன்றே பதிந்துகொண்டோம். நடவு இயந்திரமும் நேரடி விதைப்பும் வந்தபின் வயலில் இந்தப் பாட்டுக்கு வேலை இல்லாமல் போய்விட்டது என்று அவர்கள் சொன்னார்கள். இப்போது டெல்டாவில் பல ஊர்களில் நடவுக்கு மேற்கு வங்கத்திலிருந்து ஆட்கள் வருகிறார்கள். அவர்கள் என்ன பாடுகிறார்கள் என்று யாராவது போய்க் கேட்டால் நன்றாக இருக்கும்.

யார் கேட்கலாம் என்ற கேள்வி

சாப்பாட்டுக்குப் பின் மகன் என்னைத் தனியாக அழைத்துப் பேசினார். 'எங்க தாத்தா அங்க கிராணி வேலை பார்த்தாருன்னுதான் சார் ஊர்ல எல்லாருக்கும் தெரியும். இது வெளிய வந்தா மரம் சீவினவருன்னு ஆயிடும். நாதஸ்வரப் பிளேட்டு எல்லாத்தையும் போடுங்க, இது வேண்டாம்.'

அவர் சங்கடத்தை நான் குறைவாக நினைக்கவில்லை. கணக்கெழுதும் கிராணிக்கும் பால் எடுக்கும் தொழிலாளிக்கும் தோட்டத்தில் இருந்த தூரம் பெரியது. அந்தத் தூரம் ஊர் திரும்பிய பின்னும் கல்யாணப் பேச்சு வரைக்கும் கூடவே வந்தது. குடும்பம் சம்மதிக்கும் வரை இந்த ஒலி எங்கள் கணினியைவிட்டு வெளியே போகாது என்று சொல்லி, அதை எழுதியும் கொடுத்தேன்.

சட்டப்படி கடைத் தட்டுகளின் நிலை தெளிவாக இருந்தது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் ஒலிப்பதிவுக்கு உரிமைக் காலம், வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 வருடம். பெட்டியிலிருந்த கடைத் தட்டுகள் எல்லாம் 1953-க்கு முந்தியவை, ஒலிப்பதிவு உரிமை முடிந்துவிட்டது. பாட்டு எழுதியவர், மெட்டமைத்தவர் உரிமை தனி. அது அவர்கள் காலத்துக்குப் பின் 60 வருடம் என்பதால் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டியிருந்தது. வீட்டுத் தட்டு எங்கும் வெளியிடப்படாதது. அதற்குச் சட்டப் புத்தகத்தைவிட அந்த வீட்டாரின் சொல்தான் எனக்குப் பெரிது.

மார்ச்சில் ஊரடங்கு வந்தது. போக முடியவில்லை. ஆனால் அந்த மாதங்களில்தான் அப்பாயியோடு போனில் நிறையப் பேச முடிந்தது. பேரன் ஒலிபெருக்கியில் போட்டு வைப்பான், நான் இந்தப் பக்கம் பதிவேன். அப்படிச் சேர்ந்த பேச்சு நான்கு மணி நேரத்துக்கு மேல். பாட்டில் எங்களுக்குப் புரியாத சொற்களை ஒவ்வொன்றாக விளக்கினார். பின்பாட்டுப் பாடிய பெண்களில் மூன்று பேரின் பெயரும், அவர்கள் லயத்தில் எந்தக் கதவு என்பதும் அவருக்கு நினைவிருந்தது. தாளம் தட்டிய தகரம் பால் வாளி என்றார். எடுத்துக்கொண்டு போக வேறு வாத்தியம் இல்லையாம். ஆர்மோனியம் கடைக்காரருடையது.

அந்த ஆண்டுக் கடைசியில் அவரே மகனிடம் பேசியிருக்கிறார். எனக்குப் பேரன் வழியாகத்தான் தெரியும். 'மரம் சீவித்தான் இந்த வீட்டுக்கு ஓடு போட்டாரு. அதுல என்ன கொறச்ச' என்று கேட்டாராம். 2021-இல் மகன் சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டார். பெயர், ஊர், தோட்டத்தின் பெயர் வெளியே வரக் கூடாது என்று ஒரு நிபந்தனை. இந்தக் கட்டுரையும் அதற்கு உட்பட்டதே.

பின்னர் நடந்தது

எல்லா ஒலிக்கோப்புகளும் மூன்று இடத்தில் இருக்கின்றன: குடும்பத்திடம் ஒன்று, எங்களிடம் ஒன்று, சென்னையில் ஓர் ஆய்வு நூலகத்தில் ஒன்று. லயம் பாட்டோடு சொல் விளக்கப் பட்டியலும், அப்பாயியின் பேச்சும், நடவுப் பெண்கள் பாடியதும் ஒரே தொகுப்பாக வைக்கப்பட்டுள்ளன. அரக்குத் தட்டுகள் புதுக் காகித உறையில் நிமிர்த்தி வைத்த மரப்பெட்டியோடு வீட்டுக்குத் திரும்பின. பரணுக்குப் பதிலாக இப்போது அவை கூடத்து அலமாரியில் இருக்கின்றன. உடைந்த 9 தட்டுகளின் துண்டுகளை ஒட்டாமல் தனித்தனியாகத் தட்டையாக அடுக்கிக் கொடுத்தோம். ஒட்டினால் பிற்பாடு வேறு வழியில் எடுப்பதும் கெட்டுவிடும்.

ஐந்து மலாய்ப் பாட்டுத் தட்டுகளை யாரும் பெரிதாக நினைக்கவில்லை, நானும்தான். அப்பாயி அவற்றில் இரண்டை வரி தவறாமல் பாடிக் காட்டினார். அந்த இரண்டும் அவர் குரலில் தொகுப்பில் உள்ளன.

இனி மாற்றிக்கொண்டவை

பெட்டி வந்தால் முதலில் எது பிரதி இல்லாதது, எது தானாகவே அழிந்துகொண்டிருப்பது என்று பார்க்கிறேன். புகழ்பெற்ற வித்வானின் தட்டு வேறு பத்து வீட்டில் இருக்கும். அலுமினியம் தெரியும் தட்டு, கையெழுத்துச் சீட்டு ஒட்டிய தட்டு ஏதாவது இருந்தால் அதே வாரத்தில் எடுத்துவிட வேண்டும். கைவசம் ஊசி இல்லை என்றால் இருக்கிறவரிடம் கொடுக்க வேண்டும். என்னிடமே வைத்துக் காத்திருக்கக் கூடாது. சன்னல் அலமாரியை எடுத்துவிட்டேன். ஈரப்பதம் காட்டும் சின்னக் கருவி ஒன்று இப்போது அறையில் இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் தினமும் பார்த்துக் குறிக்கிறோம்.

தட்டு கொண்டுவருகிற வீட்டில் மூத்தவர் யார் என்று கேட்டு, கழுவும் வேலைக்கு முன்னாலேயே அவரோடு ஒரு மணி நேரம் உட்கார்கிறேன். வீட்டாரிடம் போனிலேயே மூன்று விஷயம் சொல்லிவிடுகிறோம்: வெயிலில் வைக்காதீர்கள், ஸ்பிரிட் போடாதீர்கள், பழைய ஊசியில் ஓட்டிப் பார்க்காதீர்கள். பேரன் இப்போது இதைத் தன் நண்பர்கள் வீடுகளிலும் சொல்லிவருகிறான். அவன் வழியாக இன்னும் இரண்டு பெட்டிகள் எங்களிடம் வந்திருக்கின்றன.

ஒரு விஷயத்தில் எனக்கு இன்னும் முடிவு கிடைக்கவில்லை. மெதுவான பிரதிதான் சரி என்று அப்பாயி சொன்னதை நான் ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் எழுபது வருடம் முந்திய குரலை ஒருவர் நினைவு சரியாகப் பிடித்திருக்குமா என்று பெரியவர் கேட்கிறார். அந்தக் கேள்வியும் நியாயம்தான். அதனால் 78 மூலத்தையும் இரண்டு பிரதிகளையும் சேர்த்தே வைத்து, யார் எதை ஏன் தேர்ந்தார் என்று குறித்திருக்கிறோம்.

தட்டின் மறுபக்கத்தை நாங்கள் ஓட்டவில்லை. ஊசி பட்டால் உப்பிய இடமெல்லாம் கையோடு வந்துவிடும். பள்ளத்தை நுண்ணிய படமெடுத்துக் கணினியிலேயே ஒலியாக வாசிக்கும் முறையை அமெரிக்காவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் உருவாக்கியிருக்கிறார்கள். அந்த மாதிரி வசதி கிடைக்கும் வரை தட்டு, பெயர்ந்த செதில்களோடு, குளிர்ந்த உலர்ந்த பெட்டியில் தட்டையாக இருக்கிறது. சாய்ந்த வெளிச்சத்தில் வேறு கோணத்தில் படம் எடுத்தபோது அந்தப் பக்கத்துப் பென்சில் எழுத்தில் 'தாலா' என்பது வரை தெரிந்தது. அந்தத் தாலாட்டை 2020 பொங்கலன்று அப்பாயி எங்களுக்குப் பாடினார், 2 நிமிடம் 10 விநாடி. நடுவில் ஓர் அடி மறந்து நின்று, மறுபடி முதலிலிருந்து எடுத்தார். அந்த நிறுத்தத்தையும் வெட்டாமல் வைத்திருக்கிறோம்.